நெற்றிப் பக்கம் மட்டும் பொருந்தாத மூளைப் படங்கள்

எம்.ஆர்.ஐ. கருவியில் ஒரே நோயாளிக்கு ஒரே அமர்வில் எடுத்த, மூளையின் அமைப்பைக் காட்டும் டி1 படத்தின் மேல், திசுவில் நீர் பரவுவதைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தை வைத்துப் பார்க்கும்போது, மூளையின் பின்பக்கம் சரியாகப் பொருந்தி, நெற்றிப் பக்கம் மட்டும் சில மில்லிமீட்டர் விலகி நிற்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். நோயாளி அசைந்துவிட்டார் என்று எண்ணி, தொடக்க காலத்தில் நானும் பொருத்தும் மென்பொருளைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறேன். முன்பக்கம் சரியானால் பின்பக்கம் விலகியது.

கோளாறு அசைவில் இல்லை. காற்றும் திசுவும் வெவ்வேறு அளவில் காந்தமாவதால், காற்று நிறைந்த நெற்றிச் சைனஸுக்கு மேலும் காது எலும்பை ஒட்டியும் காந்தப்புலம் சீராக இருப்பதில்லை. பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு 1977-இல் முன்வைத்த எக்கோ பிளேனார் முறை, ஒரு வெட்டுப்படத்தின் எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் எடுப்பதால், இந்தப் பிசகு அதில் பெரிதாகத் தெரிகிறது. வரிக்கு 0.5 மில்லிவிநாடி வீதம் 100 வரிகள் என்றால் மொத்தம் 50 மில்லிவிநாடி. அப்போது ஒரு பிக்சலுக்குரிய அதிர்வெண் அகலம் 20 ஹெர்ட்ஸ்தான். புலப் பிசகையும் அதிர்வெண்ணாகவே அளப்பதால், புலம் 100 ஹெர்ட்ஸ் பிசகிய இடத்தில் திசு 5 பிக்சல் தள்ளிப் பதிவாகும். பிக்சல் 2 மில்லிமீட்டர் என்றால் அது 10 மில்லிமீட்டர். 3 டெஸ்லா கருவியில் புலப் பிசகு 1.5 டெஸ்லாவில் இருப்பதைப்போல இருமடங்கு.

படத்தை நகர்த்தியும் திருப்பியும் பொருத்தும் 6 அளவுருக்களால் இதைச் சரிசெய்ய இயலாது. நீட்டுவதையும் சாய்ப்பதையும் சேர்த்த 12 அளவுருக்களும் முழுப் படத்தையும் ஒருசேர இழுக்குமே தவிர, நெற்றியை மட்டும் தொடாது. ஃபேஸ் என்கோடிங் திசையை, அதாவது வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பதியும் திசையை, எதிர்மாறாக்கிச் சில படங்களைக் கூடுதலாக எடுத்துவைப்பதே நான் முதலில் நாடும் வழி. ஒன்றில் முன்னோக்கி இழுபட்ட திசு மற்றதில் அதே அளவு பின்னோக்கித் தள்ளப்பட்டிருக்கும் என்பதால், உண்மையான இடத்தை இரண்டுக்கும் நடுவில் கணிக்கலாம். இதற்குப் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. ஆனால் நோயாளி மேசையில் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ.யில் சைனஸுக்கு மேல் சமிக்ஞையே மறைந்துபோன இடத்தையோ எந்தத் திருத்தமும் மீட்டுத் தராது.

திருத்திய பிறகுதான் பொருத்தம். மூளைத் தண்டுவட நீர் டி1-இல் கறுப்பாகவும் டி2 என்னும் வேறு வகைச் சாயல் கொண்ட படங்களில் வெள்ளையாகவும் தெரிவதால், வெளிச்ச வேறுபாட்டைக் கழித்துப் பார்க்கும் அளவுகோல் இங்கே உதவாது. ஒரு படத்தின் வெளிச்சத்திலிருந்து மற்றதை எவ்வளவு ஊகிக்கலாம் என்று பார்க்கும் பரஸ்பரத் தகவல் அளவையோ வெண்பொருளின் விளிம்பையோ கொண்டுதான் பொருத்த வேண்டும். திருத்தம், பொருத்தம் ஆகிய மாற்றங்களை ஒன்றாகக் கோத்து பிக்சல் மதிப்புகளை ஒரே முறை மறுகணிப்புச் செய்தால் படம் மங்குவது குறையும்.

மூளை ஏறத்தாழ இருபுறமும் ஒத்திருப்பதால், வலம் இடமாகப் புரண்ட படமும் நல்ல மதிப்பெண்ணோடு பொருந்திவிடும். ஆகவே, ஸ்கேனுக்கு முன் நோயாளியின் வலப்பக்க நெற்றியில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டிவைக்கச் சொல்கிறேன். டி1-இல் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.