கீழே எரியும் விளக்கு மேலே இருக்கும் நட்சத்திரத்தை எப்படி மறைக்கிறது?

களுவாஞ்சிக்குடியில் சாதாரண தரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "லைட் கீழே இருக்கு, நட்சத்திரம் மேலே இருக்கு. கீழே இருக்கிறது மேலே இருக்கிறதை எப்படி மறைக்கும்?" வீதி விளக்குகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பார்த்தாலும் தங்கள் வீட்டு வளவிலிருந்து கொஞ்ச நட்சத்திரங்களே தெரிகின்றனவாம். பாடப் புத்தகத்தைத் தாண்டி யோசிக்கிற பிள்ளை. இவருக்குச் சரியான பதில் சொல்லியாக வேண்டும்.

நட்சத்திரத்தை மறைப்பது காற்று. விளக்கு காற்றை ஒளிர வைக்கிறது, அந்த ஒளிரும் காற்றின் ஊடாகத்தான் நாம் வானத்தைப் பார்க்கிறோம். பகலிலும் நட்சத்திரங்கள் அவை இருக்கும் இடத்தில்தான் இருக்கின்றன. சூரிய ஒளி வளிமண்டலத்தில் சிதறி வானம் முழுவதையும் நீலமாக ஒளிர வைப்பதால் நமக்குத் தெரிவதில்லை. பௌர்ணமி இரவில் மங்கலான நட்சத்திரங்கள் காணாமல் போவதும் இதே காரணத்தால்தான். திருவிழா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்கும்போது அருகில் இருப்பவர் பேசுவது கேட்காது. அவர் குரல் குறையவில்லை, சுற்றிலும் சத்தம் கூடிவிட்டது. நட்சத்திரத்தின் நிலையும் அதுதான்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது.

ஒரு விளக்கிலிருந்து ஒளி எல்லாப் பக்கமும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வானத்தைக் கெடுப்பதில் எந்தப் பக்கம் போகும் ஒளிக்குப் பங்கு அதிகம்? நேர் மேலே போகும் ஒளி என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் தூய காற்றில் நேர் மேலே போகும் பச்சை ஒளியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் சிதறும். மீதி நேராக விண்வெளிக்குப் போய்விடும். வீணான ஒளிதான், இருந்தாலும் நம் வானத்துக்கு அதனால் பெரிய கேடு இல்லை. கீழே போகும் ஒளி வீதியில் விழுகிறது. தார் வீதி தன்மேல் விழுவதில் பத்தில் ஒரு பங்களவையே திருப்பி அனுப்பும்.

உண்மையான கேடு கிடைமட்டத்துக்குச் சற்று மேலே, சில பாகைக் கோணத்தில் கிளம்பும் ஒளியில் இருக்கிறது. தூசும் ஈரமும் நிறைந்தது தரையை ஒட்டிய காற்றுப் படை. அதன் கீழ் 1 கிலோமீற்றரை மட்டும் எடுத்துக்கொள்வோம். நேர் மேலே போகும் கதிர் இதை 1 கிலோமீற்றரில் கடந்துவிடும். 5 பாகைச் சாய்வில் கிளம்பும் கதிர் 11 கிலோமீற்றருக்கு மேல் ஓடினால்தான் அந்த உயரத்தை எட்டும். 2 பாகை என்றால் ஏறக்குறைய 29 கிலோமீற்றர். உயர்தரக்காரர்கள் சைன் போட்டுப் பார்க்கலாம். மட்டக்களப்பின் கல்லடியில் 5 பாகையில் கிளம்பிய ஒளி வாவியைக் கடந்து, மேற்கே படுவான்கரை வயல்களுக்கு மேலே வெகுதூரம் அந்த அழுக்குப் படைக்குள்ளேயே ஓடுகிறது. ஓடும் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறுகிறது. சிதறியதில் ஒரு பங்கு கீழே, வயலில் நிற்பவரின் கண்ணுக்கு வந்து சேர்கிறது. ஒரு விளக்கும் இல்லாத வயலில் நிற்பவருக்குக் கிழக்கே வானத்தின் அடி வெளுத்துத் தெரிவது இதனால்தான். நகரத்தின் ஒளி அவர் தலைக்கு மேலே நின்று சிதறுகிறது.

அந்த அழுக்குப் படைக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நாம் கடற்கரைக்காரர். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்களாகக் காற்றில் மிதக்கின்றன. சாரீரப்பதன், அதாவது காற்றின் ஈரப்பத அளவு, 75 சதவீதத்தைத் தாண்டியதும் உலர்ந்த உப்புத் துகள் காற்றிலிருக்கும் நீராவியை இழுத்துக் கரைந்து மறுபடி துளியாகிறது. 90 சதவீதத்தில் அதன் விட்டம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும், ஒளியை மறிக்கும் குறுக்குப்பரப்பு நான்கு மடங்கைத் தாண்டிவிடும். இரவு ஏற ஏறக் காற்று குளிர்கிறது, ஈரப்பதன் கூடுகிறது. விளக்கும் அதேதான், உப்பும் அதேதான், சிதறும் ஒளி மட்டும் கூடிக்கொண்டே போகிறது. நள்ளிரவுக்குப் பிறகு கல்லடிப் பாலத்தில் நின்று விளக்குகளைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி மங்கலான ஒளிப் படலம் ஒன்று இருக்கும். வீங்கிய உப்புத் துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே, சிறிய கோணத்தில் திருப்பிவிடுவதால் உண்டாகும் படலம் அது. உப்பு இப்படி வீங்கி ஒளியைப் பிடிப்பதை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

அப்புறம் நிறம். பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் ஒளி 589 நானோமீற்றர் அலைநீளத்தை ஒட்டியது. இப்போது வரும் வெள்ளை எல்ஈடி விளக்குக்குள் இருப்பது 450 நானோமீற்றர் அளவிலான நீல ஒளி. மேலே பூசிய பொஸ்பர் என்ற ஒளிரும் பொருள் அதில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுவதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. வளி மூலக்கூறுகளில் நடக்கும் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறானது, அதாவது அலைநீளம் குறையக் குறையச் சிதறல் வேகமாகக் கூடும். கணக்குப் போட்டால் அந்த நீலப் பங்கு சோடியம் மஞ்சளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சிதறும். இருட்டில் வேலை செய்யும் நமது கண்ணின் கோல்கலங்களும் 507 நானோமீற்றர் பக்கம்தான் அதிக உணர்திறன் கொண்டவை. ஆகவே சிதறுவதும் கூடுதல், கண் அதை உணர்வதும் கூடுதல்.

எல்ஈடி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. மிச்சம் பிடித்த காசில் இன்னும் பல விளக்குகளைப் போட்டுவிடுகிறோம், பிரச்சினை அங்கேதான். 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் வெறுங்கண்ணால் பார்த்து அனுப்பிய 51,000க்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு 2023இல் வெளிவந்தது. பெரும்பாலான பதிவுகள் ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் வெளுத்துக்கொண்டு வருகிறது என்று கண்டார்கள். 250 நட்சத்திரங்கள் தெரியும் இடத்தில் பிறக்கும் பிள்ளைக்கு 18 வயதாகும்போது அங்கே 100தான் தெரியும். செய்மதிகள் இவ்வளவு பெரிய கூடுதலைக் காட்டவில்லை. அவை மேலிருந்து பார்ப்பதால் கிடையாகப் போகும் ஒளி அவற்றில் சரியாகப் பதிவாகாது, நீலத்தையும் அவை நன்றாக உணர்வதில்லை.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணி நேர மின்வெட்டு வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏப்ரல் 1ஆம் திகதி அமாவாசை. மெழுகுதிரிக்கும் காசில்லாமல் வாடிய காலம் அது, அதைக் கொண்டாட மனம் வராது. ஆனால் வெளியே வந்து நின்றவர்களுக்கு ஒன்று தெரிந்தது: வானம் எங்கேயும் போகவில்லை. மாசுபட்ட வாவியைச் சுத்தப்படுத்த வருடங்கள் ஆகும். வானத்தின் இந்த ஒளி மாசோ விளக்கை அணைத்த நொடியிலேயே போய்விடுகிறது.

விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெல்லாவெளியிலும் பட்டிப்பளையிலும் யானை எந்த வேலியால் வரும் என்று தெரியாமல் தூங்கும் குடும்பங்களிடம் போய் லைட்டைக் குறையுங்கள் என்று சொல்வது அநியாயம். அவர்களுக்குத்தான் நல்ல விளக்கு முதலில் வேண்டும். கண்ணுக்கு நேரே அடிக்கும் பெரிய போக்கஸ் லைட் கண்மணியைச் சுருங்க வைத்து, கண்ணுக்குள்ளேயே ஒளியைச் சிதறவிட்டு, அதற்கு அப்பால் உள்ள இருட்டை இன்னும் கறுப்பாக்கிவிடும். விளக்குக்கு அந்தப் பக்கம் யானை நின்றாலும் தெரியாது. மூடி போட்டு, வேலியடி மட்டும் தெரியும்படி கீழே திருப்பிய சிறிய விளக்கு அதைவிட நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

வீதி விளக்குக்கும் பரிகாரம் அவ்வளவு எளிதுதான். அடிப்பக்கம் தட்டைக் கண்ணாடி உள்ள எல்ஈடி விளக்கைச் சரிமட்டமாகப் பூட்டினால் கிடைமட்டத்துக்கு மேலே ஒளி போகவே போகாது. நம் ஊர்களில் மின்கம்பத்தின் கையோடு சேர்த்து விளக்கையும் மேல்நோக்கிச் சாய்த்துப் பூட்டிவிடுகிறார்கள். 15 பாகை சாய்த்தால், முன்னே சொன்ன அந்தக் கெட்ட கோணத்துக்குள்ளேயே ஒளி நேராகப் போகிறது. ஒரு திருகாணியைத் தளர்த்தி மட்டம் பார்க்கும் வேலை இது. வாங்கும்போதே, ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் 3000க்கு மேற்படாத, இளமஞ்சள் ஒளி தரும் விளக்காக வாங்கலாம். பிரான்ஸ் 2018 டிசம்பரில் வெளியிட்ட ஆணையில் இந்த இரண்டையும் விதியாகவே வைத்துவிட்டது. எங்கள் மாநகர சபைகளும் பிரதேச சபைகளும் விலைமனுக் கோரும்போது இரண்டு வரி சேர்த்தால் போதும்.

வீதி விளக்கை மட்டும் குறைசொல்வதும் சரியில்லை. அமெரிக்காவின் டூசான் நகரத்தில் வீதி விளக்குகளை மங்கவைத்து அளந்தபோது, செய்மதிக்குத் தெரியும் நகர ஒளியில் அவற்றின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கண்டார்கள். மீதி கடைப்பலகைகள், விளையாட்டு மைதானங்கள், வீட்டு முற்றங்கள். பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் கடலைப் பார்த்து லைட் போடும் விடுதிக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மணலிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சு, தாழ்ந்து வெளுத்துத் தெரியும் அடிவானம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கடல் என்று நம்பிப் போகிறது. உங்கள் விளக்கு அதைக் கரைப்பக்கம் திருப்பிவிடும்.

நம் வானம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளந்து வைக்க வேண்டும். வானத்தின் இருட்டை அளக்கும் கையடக்கமான இருள்மானி ஒன்றும் ஒரு மோட்டார் சைக்கிளும் போதும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மட்டக்களப்பிலிருந்து பாணமை வரை ஒரு மாணவர் அளந்தால் கரையோரம் முழுவதற்கும் வரைபடம் கிடைத்துவிடும். பெரிய தொலைநோக்கி வாங்கக் காசில்லை என்பது விளங்குகிறது. இதற்குக்கூடக் காசில்லை என்றால் நான் ஏற்கமாட்டேன். செவ்வாய் தோஷம் என்று பெண்பிள்ளைகளின் கல்யாணத்தை வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிற சமூகம், அந்தச் செவ்வாய் இன்று வானில் எங்கே நிற்கிறது என்றாவது பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். பார்த்துப் பழகிய கிரகத்துக்கு யாரும் பயப்படமாட்டார்கள்.

பாத யாத்திரையாகக் கதிர்காமம் போகிறவர்கள் உகந்தையைத் தாண்டிக் குமணக் காட்டுக்குள் படுத்தபோது பால்வெளியைப் பார்த்திருப்பார்கள். யூலை மாதம், நிலா இல்லாத இரவில், பத்து மணிக்கெல்லாம் அதன் நடுப்பகுதி தென்வானில் நன்றாக உயர்ந்து நிற்கும். அங்கே மேகம் வந்தால் நட்சத்திரங்களுக்கு நடுவே கறுப்பு ஓட்டை போலத் தெரியும். நகரத்தில் மேகம் வானத்தைவிட வெள்ளையாக இருக்கும், ஏனென்றால் கீழிருந்து நமது விளக்குகள் அதற்கு வெளிச்சம் அடிக்கின்றன.

கருவி இல்லாதவர்களும் அளக்கலாம். மாரி மழை விட்ட பிறகு, பெப்ரவரி அமாவாசையை ஒட்டிய ஒரு இரவில் ஏழரை மணிபோலக் கார்த்திகைக் கூட்டத்தைத் தேடுங்கள், ஏறக்குறைய உச்சியில் நிற்கும். அதற்கு முன் 20 நிமிடமாவது போனைப் பார்க்காமல் இருட்டில் இருங்கள், கோல்கலங்களில் ஒளியை உணரும் ரொடொப்சின் என்ற பொருள் சேர அவ்வளவு நேரம் வேண்டும். அதன் ஆறு நட்சத்திரங்களில் மிக மங்கலானதன் ஒளித்தரம் 4.3. எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல், நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு 6 வரை தெரியும். ஆறையும் எண்ண முடிந்தால் உங்கள் வானம் குறைந்தது 4.3 வரை காட்டுகிறது. எண்ணிக்கை, ஊர், நேரம், பக்கத்து விளக்கு மட்டமாக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்ற விபரம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த பெப்ரவரியிலும் அதே இடத்தில் நின்று எண்ணுங்கள்.