கை நடுங்கினால் சிறுநீரகம் பழுது என்று அர்த்தமில்லை

சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தவர் பிளேன்டியைக் கையில் எடுக்கிறார். விரல்கள் நடுங்க, கோப்பை சாசரில் தட்டுகிறது. புதுச் சிறுநீரகத்துக்கு ஏதோ நடந்துவிட்டது என்று வீட்டார் பதறுவார்கள். பெரும்பாலும் காரணம், உடல் அதை நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டக்ரோலிமஸ் குளிசைதான்.

வேறொருவரின் சிறுநீரகம் உள்ளே வந்ததும் ரி-கலங்கள் எனும் வெண்குருதிக் கலங்கள் அதை அந்நியம் என்று கண்டுகொள்ளும். அவற்றுக்குள் கல்சியம் ஏறும். கல்சியம் கல்சிநியூரின் என்ற நொதியத்தை முடுக்கிவிடும். அதன் விளைவாக இன்டர்லியூக்கின்-2 என்ற சமிக்ஞைப் புரதம் உருவாகி, ரி-கலங்கள் பெருகிப் படையாகத் திரளும். டக்ரோலிமஸ் அந்தக் கல்சிநியூரினைத்தான் கட்டிப்போடுகிறது. 1984 இல் யப்பானின் சுக்குபா மண்ணில் கிடைத்த ஒரு பற்றீரியாவிலிருந்து வந்த மருந்து இது.

ஆனால் கல்சிநியூரின் ரி-கலங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. மூளையிலும் நரம்புகளிலும் அது தாராளமாக இருக்கிறது. நடுக்கமும் தலையிடியும் அங்கிருந்துதான் வருகின்றன என்று கருதுகிறார்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களுக்கும் அது தேவை. அதனால்தான் முன்பு சீனி வருத்தமே இல்லாத சிலருக்குச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நீரிழிவு வருகிறது. இவற்றையெல்லாம் விடப் பொல்லாத விளைவு ஒன்று உண்டு. சிறுநீரகத்துக்குள் குருதியைக் கொண்டுபோகும் நுண்ணிய நாடிகளை இதே மருந்து சுருக்குகிறது. மருந்து கூடினால், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேற்றினின் குருதியில் ஏறும். மருந்து குறைந்து உடல் சிறுநீரகத்தை நிராகரித்தாலும் கிரியேற்றினின் ஏறும். முதலாவதற்கு அளவைக் குறைக்க வேண்டும், இரண்டாவதற்குக் கூட்ட வேண்டும். எது என்று தெரியாதபோது சிறுநீரகத்தில் ஊசியால் ஒரு துளி இழையம் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வைத்தியருக்கு வேறு வழி இருக்காது.

கூடவே கொடுக்கிற மற்ற இரண்டு மருந்துகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மைக்கோஃபினோலேட் கலங்கள் பெருகுவதற்கான மூலப்பொருளை மறிக்கிறது. வயிற்றோட்டம் வரும், வெண்குருதிக் கலங்கள் குறையும். கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும் என்பதால், கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்ணுக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே அதை மாற்றிவிடுவார்கள். பிரெட்னிசலோன் முகத்தை உப்பவைக்கும், பசியைக் கூட்டும், எலும்பை மெலியவைக்கும். மூன்றும் சேர்ந்து படையை அடக்கும்போது, நம்மில் பலருக்குள் சத்தமில்லாமல் தூங்கும் பி.கே. வைரசு எழும்பிப் புதுச் சிறுநீரகத்தையே பாழாக்கலாம். உடலில் அடங்கிக் கிடக்கும் பழைய காசநோயும் அப்படி எழும்பலாம்.

சரி, அளவை எப்படிப் பிடிப்பது? டக்ரோலிமஸில் போதாததற்கும் கூடிப்போவதற்கும் இடையிலான இடைவெளி மிகச் சிறியது. குருதியில் அது ஆகக் குறைவாக இருக்கும் நேரம், அடுத்த குளிசைக்குச் சற்று முன்பு. எனவே பரிசோதனை நாளில் மாளிகாவத்தைப் பக்கம் சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகிறவர்கள் காலைக் குளிசையை விழுங்காமல் பையில் வைத்திருப்பார்கள். குருதி எடுத்த பிறகே போடுவார்கள். வழக்கம்போல விழுங்கிவிட்டுப் போனால் வருகிற எண் பொய்யாக உயர்ந்திருக்கும்.

அந்த எண்ணைக் குழப்ப வேறு வழிகளும் உண்டு. டக்ரோலிமஸைச் சிதைப்பது ஈரலிலும் குடற்சுவரிலும் உள்ள ஒரு நொதியம். சந்தையில் ஜம்போலா என்று விற்கிற பம்பளிமாஸ் அதைத் தடுப்பதால் மருந்து உடலில் தேங்கும். இருமலுக்குப் பாமசியில் கேட்டு வாங்குகிற கிளரித்ரோமைசினும் அதே வேலையைச் செய்யும். காசநோய்க்கான ரிபாம்பிசின் நேர்மாறு. மருந்தை விரைவாகச் சிதைத்துவிடும். வயிற்றோட்டம் வந்தால் மருந்து வெளியே போய்விட்டது என்று எண்ணி இன்னொரு குளிசை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் எதிர்மாறு. அழற்சியில் குடற்சுவரின் தடுப்பு பலவீனமாகி, வழக்கத்தைவிட அதிக மருந்து குருதிக்குள் புகுந்துவிடும். அந்த நாட்களில் குளிசையைக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்; கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்து அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.