வெண்புள்ளி மறைந்துவிட்டது என்று சிகிச்சையை நிறுத்தாதீர்கள்

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றின் கதை ஒன்றுதான். புதிதாக வாங்கிய மீனை நேராகப் பிரதான தொட்டியில் விட்டிருப்பார்கள். சில நாட்களில் உப்புத்தூள் தூவியது போல அதன் உடலெங்கும் வெண்புள்ளிகள் தோன்றும். யாரோ சொன்ன மருந்தை ஊற்றுவார்கள். மூன்று நான்கு நாட்களில் புள்ளிகள் மறைந்துவிடும். இரண்டு வாரம் கழித்து, தொட்டியிலுள்ள மீன்கள் அனைத்தும் தீனியைத் தொடாமல் வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதுதான் என்னை அழைப்பார்கள். இந்த வாரமும் அப்படி ஒரு தொட்டி. ஆண்டுக்கணக்கில் அக்கறையோடு வளர்த்த மீன்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குணமான நோய் மறுபடி எப்படி வந்தது என்று அதன் உரிமையாளர் கேட்டார். நோய் மறுபடி வரவில்லை. அது போகவே இல்லை.

வெண்புள்ளியை உண்டாக்குவது கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி. மீனின் மேல்தோலுக்கு அடியிலும் செவுளிலும் புகுந்து, மூன்று முதல் ஏழு நாட்கள் வரை திசுவைத் தின்று வளர்ந்தபின், அது தானாகவே மீனை விட்டு வெளியேறிவிடும். மருந்து ஊற்றினாலும் வெளியேறும், ஊற்றாவிட்டாலும் வெளியேறும். வெளியேறியது மணலிலும் பாறையிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டி, அதற்குள் பிளந்து பெருகுகிறது. இந்தக் கூட்டை எந்த மருந்தும் எளிதில் துளைப்பதில்லை. சில நாட்களிலோ சில வாரங்களிலோ கூடு உடையும்போது, ஒவ்வொன்றிலிருந்தும் நூற்றுக்கணக்கில் நீந்தும் குஞ்சுநிலை ஒட்டுண்ணிகள் வெளிவந்து மீனைத் தேடுகின்றன. முதல் சுற்றில் பத்துப் புள்ளிகளாக இருந்தது அடுத்த சுற்றில் செவுள் முழுவதையும் அடைத்துவிடும். ஆகவே, புள்ளி மறைந்த நாள் மீன் குணமான நாளன்று. ஒட்டுண்ணி உங்கள் தொட்டியின் தரையில் குடியேறிய நாள். அந்த நாளில்தான் தீனியில் கலந்த பூண்டுக்கும், மீனின் உடலைச் சுத்தம் செய்யும் என்று புதிதாக வாங்கிவிட்ட க்ளீனர் இறாலுக்கும், பவளத்துக்குப் பாதுகாப்பானது என்று அச்சிட்ட மருந்துப் புட்டிக்கும் நோயைக் குணப்படுத்திய பெயர் கிடைக்கிறது. தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியை இறால் எப்படிப் பொறுக்கி எடுக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இன்னொரு தவறு செய்கிறார்கள். நன்னீரில் வரும் வெண்புள்ளி வேறோர் உயிரியால் வருவது. அங்கே வெப்பத்தைக் கூட்டி உப்பைச் சேர்ப்பது பலன் தரும். கடல்நீர்த் தொட்டியில் வெப்பத்தைக் கூட்டினால் ஒட்டுண்ணியின் சுழற்சி விரைவுபடும், நீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும். செவுள் புண்பட்ட மீனுக்கு இரண்டுமே ஆபத்து.

காப்பர் மருந்து நீந்தும் நிலையிலுள்ள ஒட்டுண்ணியைக் கொல்லும், அது உண்மைதான். ஆனால் தயவுசெய்து அதைப் பவளமும் இறாலும் நத்தையும் உள்ள பிரதான தொட்டியில் ஊற்றாதீர்கள். அவை மடியும், பாறையும் மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்வதால் மீனுக்குத் தேவையான அளவும் நீரில் நிற்காது. மீன்களை மாற்றிச் சிகிச்சை தர, மணலோ பாறையோ இல்லாத தனித் தொட்டி, ஒரு ஹீட்டர், ஏற்கெனவே பாக்டீரியா குடியேறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள் இருந்தால் போதும். அயனி வடிவக் காப்பர் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், வேறொரு வேதிப்பொருளோடு பிணைக்கப்பட்ட (கீலேட்டட்) வகை என்றால் அளவு அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. உங்கள் கையிலுள்ளது எந்த வகை, உங்கள் டெஸ்ட் கிட் எந்த வகையை அளக்கும் என்று தெரியாமல் மூடியைத் திறக்காதீர்கள். அளவைச் சில நாட்களில் படிப்படியாக உயர்த்தி, தினமும் சோதித்து, ஒரு நாளும் குறையவிடாமல் முப்பது நாட்கள் வைத்திருக்க வேண்டும். ஃபில்டரிலுள்ள ஆக்டிவேட்டட் கார்பனை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் ரசாயனங்களைக் காப்பரோடு சேர்க்கவே கூடாது. அம்மோனியா ஏறினால் நீரை மாற்றுங்கள், புதிய நீரிலும் அதே காப்பர் அளவு இருக்கட்டும். சுறா, திருக்கை இனங்களுக்குக் காப்பர் கொடுக்கக் கூடாது.

புள்ளி தெரிந்த மீனை மட்டும் பிடித்து வெளியே எடுப்பதால் பயனில்லை. தொட்டியிலுள்ள எல்லா மீன்களையும் எடுக்க வேண்டும். புள்ளியே இல்லாத மீனின் செவுளுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பிறகு பவளத்தோடும் நத்தையோடும் பிரதான தொட்டியை ஒரு மீன்கூட இல்லாமல் 76 நாட்கள் ஓடவிடுங்கள். தாமதமாக உடையும் கூடுகளையும் கணக்கில் கொண்ட எச்சரிக்கையான அளவு அது. வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நாற்பதாம் நாளில் பொறுமையிழந்து மீனை உள்ளே விட்டுவிடாதீர்கள்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் இந்த நோயும் அன்று. தனித்தனிப் புள்ளியாக இல்லாமல் மிக நுண்ணிய மாவுப் படலம் போலத் தெரிந்து, மீன் வெளிச்சத்தைத் தவிர்த்து, நீர் பாயும் குழாயின் முன்னே முகத்தைக் காட்டிக்கொண்டு வேகமாக மூச்சு வாங்கினால், அது அமிலூடினியம் என்னும் ஒட்டுண்ணியால் வரும் வெல்வெட் நோயாக இருக்கலாம். அது சில நாட்களில், சில நேரம் ஒரே இரவில் கொன்றுவிடும்; அதற்குக் காத்திருக்க நேரமில்லை. கிளவுன் மீனின் உடலிலிருந்து சளி படலம் படலமாக உரிந்தால் புரூக்லினெல்லா என்னும் இன்னோர் ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். அதற்குக் காப்பர் உதவாது, ஃபார்மலின் வேண்டும், அதையும் கையுறை அணிந்து காற்றோட்டமான இடத்தில் மட்டுமே கையாள வேண்டும். துடுப்பில் காலிஃபிளவர் வடிவில் கட்டி வந்தால் அது பெரும்பாலும் லிம்போசிஸ்டிஸ் என்னும் வைரஸ் நோய். மருந்தே வேண்டாம், நல்ல நீரும் நல்ல தீனியும் அமைதியும் போதும். ஒட்டுண்ணிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதையாவது இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

புதிய மீன் எதுவானாலும், யாரிடம் வாங்கியிருந்தாலும், நான்கு முதல் ஆறு வாரம் தனித் தொட்டியில் இருக்கட்டும். மீன் இருந்த நீரிலிருந்து வரும் பவளத்தின் அடிக்கல்லிலும் நத்தை ஓட்டிலும்கூடக் கூடு ஒட்டியிருக்கலாம். வலை, குழாய், வாளி எதையும் இரு தொட்டிகளுக்கும் பொதுவாக வைக்காதீர்கள். ஈரக் கையோடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகாதீர்கள். மீன் நலம் தெரிந்தவரை அழைப்பதானால் முதல் புள்ளி தெரிந்த அன்றே அழையுங்கள். அழைக்கும்போது உப்பளவு, வெப்பம், அம்மோனியா அளவு, மீனின் தெளிவான படம், அதுவரை ஊற்றிய மருந்துகளின் பெயர்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். ஊற்றியது எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் அடுத்து எதைக் கொடுக்கலாம் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.