டயாலிசிஸ் எப்போது? ரிப்போர்ட் மட்டும் சொல்லாது

"உப்பு எட்டுக்கு ஏறிடுச்சு, இன்னைக்கே டயாலிசிஸ் போடணுமா டாக்டர்?" என்று கிரியேட்டினின் ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். 'உப்பு' என்று அவர்கள் சொல்வது இந்தக் கிரியேட்டினினைத்தான். அந்த எண்ணை மட்டும் வைத்து நான் முடிவு சொல்வதில்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. ஒல்லியான பாட்டிக்கு 5 இருந்தாலே, கட்டுமஸ்தான ஆளுக்கு 8 இருப்பதற்குச் சமமாகச் சிறுநீரகம் கெட்டிருக்கலாம். அதனால்தான் வயது, பாலினம் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். கணக்கிடுகிறோம். அது 15-க்குக் கீழே போனால் கடைசிக் கட்டம்தான். ஆனால் அன்றே டயாலிசிஸ் என்று பொருளில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், 10-14 இருக்கும்போதே தொடங்கத் திட்டமிட்டவர்களுக்கும், தொந்தரவு வரும்வரை அல்லது 7-க்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்தவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் இல்லை.

நான் முதலில் கேட்பது, "ராத்திரி படுத்துத் தூங்க முடியுதா?" என்றுதான். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நீர் பிரியும் மாத்திரைக்கும் ஊசிக்கும் அது அடங்காவிட்டால் டயாலிசிஸ்தான். காலையில் குமட்டல், சோற்றைக் கண்டாலே வெறுப்பு, எடை குறைவது, பேச்சில் குழப்பம், இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி, இவையும் அப்படியே. இரத்தத்தில் அமிலம் ஏறி மருந்தில் சரியாகாவிட்டாலும் தள்ளிப்போடக் கூடாது.

பொட்டாசியம்தான் எனக்குப் பயம். 6.5-ஐத் தாண்டி, மருந்துக்கும் இறங்காவிட்டால் இதயம் திடீரென்று நின்றுவிடலாம். அதற்கு முன் பலருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. 'உடம்புச் சூடு' என்று தினமும் இளநீரும், கிட்னிக்கு நல்லதென்று வாழைத்தண்டுச் சாறும் குடித்துவிட்டு வருபவர்களைக் கோடையில் நிறையப் பார்க்கிறேன். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம்.

"ஒரு தடவை போட்டா விடவே முடியாதாமே?" கண்ணாடிவிரியன் கடி, எலிக்காய்ச்சல், கடும் வயிற்றுப்போக்கு இவற்றால் திடீரென்று செயலிழந்த சிறுநீரகம், சில வாரங்களில் பெரும்பாலும் தேறிவிடும். டயாலிசிஸும் நின்றுவிடும். இந்தப் பயத்தில் குடும்பமே மறுத்துவிடுவதுதான் கொடுமை. பல ஆண்டுச் சர்க்கரையால் கெட்டதென்றால் தொடர வேண்டியிருக்கும். சிறுநீரகம் போய்விட்டதுதான் அதற்குக் காரணம், டயாலிசிஸ் பழக்கம் அல்ல.

தொடங்குவதற்கு அவசரப்பட வேண்டாம், தயாராவதற்கு அவசரம் உண்டு. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரண்டு இரத்தக்குழாய்களை இணைத்துப் போடும் ஃபிஸ்டுலா பக்குவப்பட ஆறு வாரமாவது ஆகும். அதை விட்டுவிட்டு மூச்சிரைப்போடு வந்தால் கழுத்தில் குழாய்தான், கூடவே கிருமித்தொற்று ஆபத்தும். வலது கைப் பழக்கமென்றால், ஃபிஸ்டுலாவுக்கு வேண்டிய இடது கையில் இரத்தம் எடுக்க, டிரிப் ஏற்ற விடாதீர்கள். ஃபிஸ்டுலா போட்டபின் தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள், கிர்ரென்று அதிரும். அந்த அதிர்வு நின்றால் அன்றைக்கே வந்துவிடுங்கள்.