32 டியூவில் முடிய வேண்டிய கடன்

இந்த மாதமும் ஒருவர் வந்தார். பழைய லோடு வண்டி வாங்க 3 லட்சம் கடன், 36 மாதம், மாதம் 10,583 ரூபாய் டியூ. செல்போனில் எக்செல் ஷீட்டைத் திறந்து நீட்டி, "நானே போட்டுப் பார்த்துட்டேன் மேடம், 75 பைசா வட்டிதான். வருஷத்துக்கு 9 பர்சென்ட். பேங்க்லயே இதுக்கு மேல கேக்குறாங்க" என்றார். கடன் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததால் முன்கூட்டியே அடைத்துவிட நினைத்திருக்கிறார். பாதி டியூ கட்டியாயிற்று, ஆகவே ஒன்றரை லட்சம் கட்டினால் போதும் என்பது அவர் கணக்கு. ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த தாளில் அசல் பாக்கி மட்டுமே 1,68,000 சொச்சம். ஏமாற்றுகிறார்கள் என்று கொதித்துப்போய் வந்திருந்தார்.

கம்பெனித் தாளில் இருந்த கணக்கு சரி. தப்பு அவருடைய ஷீட்டில். தணிக்கைத் தொழிலில் இருக்கிற எனக்கு இந்த ஷீட் மனப்பாடமே ஆகிவிட்டது. ஆட்கள்தான் மாறுகிறார்கள். படித்தவர்கள், கடை நடத்துகிறவர்கள், ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாங்களே தாக்கல் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே ஷீட்டைத்தான் கொண்டுவருகிறார்கள்.

அதில் இருப்பது இவ்வளவுதான்: 3,00,000 பெருக்கல் 9 சதவீதம் பெருக்கல் 3 வருடம், ஆக வட்டி 81,000. அசலோடு கூட்டினால் 3,81,000. அதை 36-ஆல் வகுத்தால் 10,583 ரூபாய் 33 பைசா. ஏஜென்ட் சொன்ன டியூவும் அதே தொகை. உடனே, "கணக்கு டேலி ஆகுது, வட்டி 9 பர்சென்ட்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஏஜென்ட் கால்குலேட்டரில் போட்ட பெருக்கலை நீங்கள் எக்செல்லில் திரும்பப் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அவர் பெருக்கியதில் பிழையில்லை என்று மட்டும்தான் அது காட்டும். உங்கள் கடனுக்கு என்ன வட்டி என்பதை அந்த ஷீட் சொல்லவே சொல்லாது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. நம் ஊரில் வட்டியை நூற்றுக்கு இத்தனை பைசா, இத்தனை ரூபாய் என்று மாதக் கணக்கில் பேசித்தான் பழக்கம். கைமாற்றாக ஒரு லட்சம் வாங்கி, மாதாமாதம் 750 ரூபாய் வட்டி மட்டும் கட்டி, கடைசியில் அந்த ஒரு லட்சத்தை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தால் அது உண்மையிலேயே 75 பைசா வட்டி, வருடத்துக்கு 9 சதவீதம். ஏனென்றால் முழு ஒரு லட்சமும் கடைசி நாள் வரை உங்களிடம்தான் இருந்தது. டியூ கடன் அப்படியில்லை. ஒவ்வொரு டியூவிலும் அசலில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடுகிறது. கடைசி மாதங்களில் உங்களிடம் மிச்சமிருக்கும் அசல் சில ஆயிரங்கள்தான். ஆனாலும் முழு 3 லட்சத்துக்கும் மூன்று வருட வட்டியை முதல் நாளே போட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டில் பாதியைக் காலி செய்து கொடுத்த பிறகும் முழு வாடகை வாங்குகிற மாதிரி. ஃப்ளாட் வட்டி என்று சொல்வது இதைத்தான். பைசாக் கணக்கை டியூ கடனுக்குக் கொண்டுவந்து பேசினாலே அது ஃப்ளாட் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நம்பாதவர்களை ஷீட்டில் ஐந்து தலைப்பு போடச் சொல்வேன்: மாதம், பாக்கி, வட்டி, அசல், மீதி. முதல் வரியில் பாக்கி 3,00,000. வட்டிக் கட்டத்தில் பாக்கி பெருக்கல் 9 சதவீதம் வகுத்தல் 12, அதாவது 2,250. டியூவில் அதைக் கழித்தால் அசலுக்குப் போனது 8,333 ரூபாய் 33 பைசா. மீதி 2,91,666 ரூபாய் 67 பைசா. அந்த மீதிதான் அடுத்த மாதத்தின் பாக்கி. அப்படியே கீழே இழுத்துவிடுங்கள். 32-வது வரியில் மீதி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். வட்டி நிஜமாகவே 9 சதவீதம் என்றால் அந்தக் கடன் 32-வது டியூவோடு தீர்ந்தது. பிறகு எதற்காக இன்னும் நாலு டியூ கட்டுகிறோம்? இந்த இடத்துக்கு வந்ததும்தான் பலரும் வாயடைத்துப் போகிறார்கள்.

9 சதவீதத்துக்கு, குறையும் பாக்கியின் மேல் கணக்கிட்டால் டியூ 9,540 ரூபாய்தான் வரவேண்டும். மூன்று வருடத்துக்கும் சேர்த்து வட்டி 43,437. இவர் ஒப்புக்கொண்டதோ 81,000.

உண்மை வட்டியைக் கண்டுபிடிக்க எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் ரேட் என்றே ஒரு ஃபார்முலா இருக்கிறது. பெயரை மட்டும் ஆங்கிலத்தில் (RATE) அடித்து, அடைப்புக்குள் மூன்று எண்களை இந்த வரிசையில் கொடுங்கள்: எத்தனை டியூ, டியூ தொகை, கைக்கு வந்த தொகை. இவருக்கு அது =ரேட்(36, -10583.33, 300000). டியூ உங்கள் கையை விட்டுப் போகிற பணம், அதனால் முன்னால் மைனஸ் வேண்டும். போடாவிட்டால் பிழை என்று வரும்.

விடை வந்ததும் அவசரப்படாதீர்கள். கட்டத்தில் "1%" என்று தெரியும். உடனே மனக்கணக்கில் 12-ஆல் பெருக்கி "12 பர்சென்ட்தானே மேடம்" என்று சொன்னவர்களும் உண்டு. கட்டம் தசமத்தை மறைத்து வைத்திருக்கிறது. தசமம் கூட்டும் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள், 1.35 என்று வரும். பெருக்கலையும் ஃபார்முலாவின் கடைசியிலேயே போட்டுவிடுவது நல்லது. 12-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 16.24 சதவீதம். 75 பைசா என்று சொன்ன கடனின் வட்டி இது.

இதே வட்டியை அந்த ஐந்து தலைப்பு ஷீட்டில் 9-க்குப் பதிலாகப் போட்டால் 36-வது வரியில் மீதி சுழியத்தில் வந்து நிற்கும், தசமத்தைச் சுருக்கியதால் முப்பது ரூபாய் போல முன்னே பின்னே இருக்கலாம். அவருடைய கோபத்துக்கும் பதில் அதில்தான் இருந்தது. முதல் டியூவில் வட்டி மட்டும் 4,061 ரூபாய், கடைசி டியூவில் 141. வட்டியில் பெரும்பங்கு முன்பாதியிலேயே போய்விடுகிறது. 18 டியூவில் அவர் கட்டியது 1,90,500. அதில் 58,500 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போயிற்று. அடைக்க நினைக்கிறவர்கள், மிச்சமுள்ள டியூக்களின் வட்டிக் கட்டங்களைக் கூட்டிப் பாருங்கள். இவருக்கு அது 22,400 சொச்சம். முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்த்து அதைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் கடனை அடைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபார்முலாவில் மூன்றாவதாகப் போட வேண்டியது பத்திரத்தில் இருக்கும் தொகை அல்ல, கைக்கு வந்த தொகை. பிராசஸிங், டாக்குமென்ட், இன்சூரன்ஸ் என்று இவருக்கு 9,000 பிடித்துக்கொண்டு 2,91,000 கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் வட்டி 18.4 சதவீதத்தைத் தாண்டுகிறது. தண்டலுக்கும் இதே ஃபார்முலாதான். 9,000 கொடுத்து தினம் 100 வீதம் நூறு நாள் வசூல் என்றால், ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். 12-க்குப் பதில் 365-ஆல் பெருக்கிப் பாருங்கள், வருடத்துக்கு 77 சதவீதத்துக்கு மேல் வரும்.

இவ்வளவு பாடும் படவேண்டாம் என்றுதான் ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குக் கொடுக்கப்படும் கடன்களுக்கும், சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் தவணைக் கடன்களுக்கும், வங்கியானாலும் ஃபைனான்ஸ் கம்பெனியானாலும், கையெழுத்துக்கு முன்பே கேஎஃப்எஸ் (கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்) என்ற, கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய தாளைத் தரவேண்டும். அதில் ஏபிஆர் என்று ஒரு சதவீதம் இருக்கும். கட்டணங்கள், அவர்கள் பிடித்துக்கொள்ளும் இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த வருட வட்டி அதுதான். மாதவாரி அட்டவணையும் அந்தத் தாளோடு வரவேண்டும்.

அந்தத் தாளை வாங்குங்கள். வண்டி கிடைக்கிற அவசரத்தில் இருபது இடத்தில் கையெழுத்துப் போடுகிறீர்களே, அதற்கு முன்னால் அந்த ஒரு தாளைக் கேளுங்கள். "அதெல்லாம் அப்புறம் மெயில்ல வரும்" என்றால், வந்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லுங்கள். இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது பைசாவையும் டியூவையும் வைத்து ஒப்பிடாமல் ஏபிஆரை வைத்து ஒப்பிடுங்கள். தெரிந்த ஆடிட்டர், கணக்குப்பிள்ளை, பேங்கில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் என்று யாரிடமாவது ஒரு போட்டோ எடுத்து அனுப்பிக் கேளுங்கள். பத்து நிமிட வேலை. ஆனால் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள், தயவுசெய்து. அதற்குப் பிறகு வந்தால் எவ்வளவு போயிற்று என்று கணக்குப் போட்டுக் காட்டத்தான் எங்களால் முடியும்.