தொட்டிக்குள் கிளாத்தி விடுகிறவர்களுக்கு

முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்துப் பழகியவர்கள் கிளாத்தி (ஆங்கிலத்தில் ட்ரிகர்பிஷ்) மீனின் வாய்ப்பக்கம் விரலைக் கொண்டுபோக மாட்டார்கள். அதே மீன் 5 சென்ரிமீற்றர் குஞ்சாகக் கண்ணாடிக்குள் நின்றால் எல்லோருக்கும் செல்லம். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் கடல்மீன் தொட்டி அமைத்துப் பராமரிப்பது என் தொழில். "மீன் செத்துக்கொண்டே போகுது" என்று கூப்பிடும் வீடுகளில் நான் முதலில் தேடுவது கிளாத்தியைத்தான்.

கிளிநொச்சியில் ஒரு வீடு. நாலடித் தொட்டிக்குள் இரண்டு கோமாளி மீன், ஒரு இறால், புதிதாக வந்த கிளாத்திக் குஞ்சு. முதலில் இறாலைக் காணவில்லை. பிறகு கோமாளி மீனின் வால் குறையத் தொடங்கியது. செட்டை அழுகல் என்று நினைத்து மருந்து ஊற்றிய பிறகுதான் அந்த அண்ணை என்னைக் கூப்பிட்டார். டோர்ச் அடித்துப் பார்த்தேன். வாலின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு துண்டு இல்லை, வெட்டு சுத்தமாக இருந்தது. அழுகல் என்றால் ஓரம் வெளுத்து, பிசிறு பிசிறாகி, நாட்கணக்கில் உள்ளே ஏறும். ஒரே இரவில் அரைவட்டம் போனால் அது கடி.

"இவ்வளவு சின்ன மீனோ தம்பி கடிச்சது?" என்று அவர் நம்பவே இல்லை.

கடலில் இந்த மீனின் சாப்பாடு நண்டு, மட்டி, கடல் முள்ளெலி. வாயால் தண்ணீரைப் பீய்ச்சி முள்ளெலியைப் புரட்டி, முள் குறைந்த அடிப்பக்கத்தைக் கடிக்கும். ஓட்டை உடைக்கப் பிறந்த தாடை அது. தொட்டிக்குள் வந்தால் இறால், நண்டு, நத்தை எல்லாம் அதற்குத் தீன்தான். கல்லைப் புரட்டும், மணலைக் கிளறும், ஹீற்றர் வயரையும் கடிக்கும். வயர் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம், வெளியே தெரியும் வயரைக் குழாய்க்குள் விட்டுவிடுங்கள். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் ஓட்டோடு இறாலும் மட்டியும் கொடுங்கள். நன்றாகத் தின்னும், கழிவும் அதிகம், ஆகவே பில்டர் பெரிதாக இருக்க வேண்டும்.

எல்லாக் கிளாத்தியும் ஒன்றல்ல. அந்த வீட்டில் இருந்தது பச்சை உடம்பில் செம்மஞ்சள் கோடு ஓடும் வகை. இந்தக் குடும்பத்திலேயே பொல்லாதவற்றில் ஒன்று. அதற்குத் தனித் தொட்டிதான் என் யோசனை. வெள்ளைப் பொட்டுப் போட்ட 'கிளவுன் ட்ரிகர்' குஞ்சில் சாதுவாக நிற்கும். அழகுக்காக அதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், ஆனால் கடலில் 50 சென்ரிமீற்றர் வரை வளரும் மீன், வளர வளர குணமும் மாறும். 'பிக்காசோ' நடுத்தரம். கருநீல உடம்பும் சிவந்த பல்லும் உள்ள 'நைஜர்' கடலில் மிதக்கும் சிற்றுயிர்களைப் பெரிதும் தின்பது, ஒப்பீட்டில் அமைதி. முதல் தடவை என்றால் நைஜரைத்தான் சொல்வேன். அதற்கும் 500 லீற்றருக்குக் குறைந்த தொட்டி வேண்டாம். நாலடித் தொட்டி பெரும்பாலும் 250 லீற்றர் அளவில்தான் நிற்கும்.

சரி, கூட யாரை விடலாம்? அஞ்சாலை, பெரிய கலவாய், முதிர்ந்த ஓரா போன்ற, உடம்பும் துணிவும் உள்ளவை சமாளிக்கும். கடல்குதிரையும், மெதுவாக நீந்தும் நீண்ட செட்டை மீன்களும் வேண்டவே வேண்டாம். கிளாத்தியைக் கடைசியாக விடுங்கள். முதலில் வந்தால் தொட்டி முழுதும் தன் காணி என்று பிடித்துக்கொள்ளும், பிறகு வருகிறவர்களுக்கு இடமில்லை. ஒரே இனத்தில் இரண்டு வாங்குவதும் சண்டைக்குத்தான்.

ஒத்துவராத மீனை எடுக்கும்போது வலை போடாதீர்கள். முதுகின் முதல் முள்ளை நிமிர்த்திக் கல் இடுக்கில் இறுக்கிக்கொள்ளும். இரண்டாவது முள் அதைப் பூட்டிவிடுவதால் இழுத்தால் வராது, மீன்தான் கிழியும். இரண்டாவது முள்ளை மெல்ல அழுத்தினால் முதல் முள் மடியும். கல்லையே மீனோடு தூக்கிப் பாத்திரத்துக்கு மாற்றுவது இன்னும் நல்லது.

எடுத்த மீனை நந்திக்கடல் களப்பில் விடப் போகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். வேண்டாம். மாரி மழைக்குக் களப்பின் உப்பு இறங்கிவிடும், தொட்டி நோயும் கூடவே போகும். திருப்பி எடுப்பார்களா என்று வாங்கும்போதே கடையில் கேட்டு வையுங்கள்.