விஸ்கி வடிசாலை வாசலில் ஒரு புழு

ஸ்காட்லாந்தில், பெர்த்திலிருந்து இன்வர்நெஸ் நோக்கி வடக்கே போகும் ஏ9 சாலையை ஒட்டி, மரம் குறைந்த மலைவெளியில் வெள்ளையடித்த கட்டடம் ஒன்று தெரியும். அதுதான் டால்வின்னி விஸ்கி வடிசாலை. ஆயிரம் அடிக்கும் மேலான உயரம். ஆண்டுச் சராசரி வெப்பநிலையே சுமார் 6 டிகிரி செல்சியஸ்தான். கட்டடத்துக்கு வெளியே இரண்டு பெரிய வட்ட மரத்தொட்டிகள் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். வருகிறவர்கள் அவற்றின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆனால் அவற்றின் வேலை புரிய வேண்டுமானால் முதலில் உள்ளே ஒரு சுற்று சுற்றி வரத்தான் வேண்டும்.

பார்லியை ஊறவைத்தால் விதை, மழை வந்துவிட்டது என்று நம்பி முளைக்கத் தொடங்கும். தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளைத் தயார் செய்யும். சேமிப்பை முளை தின்று தீர்ப்பதற்குள் சூடான காற்றில் உலர்த்தி நிறுத்திவிடுவார்கள். அதுதான் மால்ட். ராகியை முளைகட்டிக் காயவைத்துக் கஞ்சிமாவு அரைக்கும்போது நம் வீடுகளில் நடப்பதும் இதேதான். இன்று பெரும்பாலான வடிசாலைகள் மால்ட்டை வெளியில் வாங்கிக்கொள்கின்றன. கூரையில் புத்தர் கோயில் கோபுரம் போல நிற்கும் புகைபோக்கிகள் பெரும்பாலும் பழைய காலத்தின் மிச்சம். அரைத்த மால்ட்டில் சுமார் 64 டிகிரி வெந்நீர் ஊற்றினால் நொதிகள் விட்ட இடத்திலிருந்து தொடரும், இனிப்புச் சாறு கிடைக்கும். ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய 8 சதவீத ஆல்கஹால் உள்ள ஒருவகை பீர் தயார். நொதிக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து முகரச் சொல்வார்கள். ஜாக்கிரதை, கார்பன் டை ஆக்சைடு மூக்கில் ஊசி போல ஏறும்.

இந்த ஈஸ்ட் ஆல்கஹாலோடு நிற்பதில்லை. பழ வாசனை தரும் எஸ்டர்களை உண்டாக்குகிறது; கூடவே கந்தகச் சேர்மங்களையும் விட்டுவைக்கிறது. வெந்த முட்டைக்கோஸ், ரப்பர், பற்றவைத்த தீக்குச்சி என்று வாசனை பலவிதம். டைமெதில் டிரைசல்ஃபைடு என்ற சேர்மம் நூறு கோடியில் ஒரு பங்குகூட இருக்க வேண்டாம், நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

இங்கேதான் செம்பு வருகிறது. ஸ்காட்லாந்தில் மால்ட் விஸ்கி வடிக்கும் வாலைகள், அதாவது நீண்ட கழுத்துள்ள காய்ச்சி வடிக்கும் பாத்திரங்கள், செம்பால் ஆனவை. செம்பைத் தட்டி வளைப்பது எளிது, வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். அதற்காகத்தான் முதலில் அதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஆனால் அது கந்தகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் செய்கிறது. வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவது எப்படியோ அப்படித்தான் இதுவும்: கந்தகம் உலோகத்தோடு சேர்ந்து சல்ஃபைடாகப் படிந்துவிடுகிறது. ஆவி கழுத்தில் ஏறி, கொஞ்சம் குளிர்ந்து, துளியாகி மறுபடி கீழே விழுந்து, திரும்ப ஏறும். எத்தனை முறை செம்பைத் தொடுகிறதோ அத்தனை சுத்தம். க்ளென்மோரஞ்சி வடிசாலையில் வாலையின் கழுத்து மட்டும் 5.14 மீட்டர்; அதன் விஸ்கி மென்மையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இப்படி வேலை செய்து செய்து செம்புத் தகடு மெலிந்துபோகும், சில பத்தாண்டுகளில் மாற்றியாக வேண்டும்.

டால்வின்னியில் வாலைகள் இரண்டே. முதலாவதில் ஆல்கஹால் 20 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறும், இரண்டாவதில் 70ஐ நெருங்கும். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி நடுப்பகுதியை மட்டும் எடுப்பார்கள். பூட்டிய பித்தளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அது ஓடுவதால் தொழிலாளி தொட்டுப் பார்க்க முடியாது. முதலில் வடிவதில் தண்ணீர் கலந்து, கலங்குகிறதா தெளிகிறதா என்று பார்த்து, நடுப்பகுதி தொடங்கிவிட்டதா என்று கண்ணாலேயே முடிவு செய்ய வேண்டியதுதான்.

சரி, வாசலுக்கு வருவோம். வாலையிலிருந்து வரும் ஆவியைக் குளிர்விக்க வேண்டும். இன்று பெரும்பாலான இடங்களில் இதற்கு ஓர் உருளை. அதற்குள் தண்ணீர் ஓடும் ஏராளமான மெல்லிய செப்புக் குழாய்கள். ஆவிக்குத் தொடுவதற்கு அவ்வளவு செம்பு கிடைக்கிறது. பழைய முறையில் ஒரே நீளச் செப்புக் குழாய், போகப்போகக் குறுகி, தொட்டித் தண்ணீருக்குள் சுருள் சுருளாக இறங்கும். அந்தச் சுருளுக்குத் தொழில் வட்டாரத்தில் பெயரே ‘புழு’தான். தண்ணீர் சில்லென்று இருப்பதால் ஆவி சட்டென்று திரவமாகிக் குழாயின் அடியில் ஓடிவிடும். செம்போடு பேச நேரமே இல்லை. அதனால் கந்தகம் நிறையத் தங்கிவிடுகிறது.

குறைதானே இது என்றுதான் யாருக்கும் தோன்றும். 1986இல் டால்வின்னியிலும் தொட்டிகளைக் கழற்றிவிட்டு நவீன உருளைகளைப் பொருத்தினார்கள். பராமரிப்பு எளிதானது, ஆனால் சரக்கின் குணமே மாறிப்போனது. 1995இல் புழுவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

குளிர்விப்பானை மாற்றி, பிறகு திருப்பியும் வைத்துப் பார்த்த சோதனை மாதிரிதான் இது. ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு நேரடியாகச் செய்ய மாட்டார்கள்.

விசித்திரம் என்னவென்றால், டால்வின்னியின் 15 வருட விஸ்கியை ருசித்தவர்கள் முதலில் சொல்லும் சொல் தேன். முட்டைக்கோஸ் எங்கே போனது? ஓக் பீப்பாய்க்குள். சட்டப்படி ஸ்காட்ச் குறைந்தது 3 ஆண்டுகள் அதில் கிடந்தாக வேண்டும். அமெரிக்காவில் போர்பன் என்ற அந்நாட்டு விஸ்கியை வைத்திருந்து இங்கே வரும் பீப்பாய்களின் உட்சுவர் தீயில் கருக்கப்பட்டது. அந்தக் கரி கந்தகத்தை மெல்ல உறிஞ்சுகிறது. மேல்போர்வை விலகியதும் அடியில் இருந்த கனமான இனிப்பு தலைகாட்டுகிறது. இதற்கிடையே ஆண்டுக்கு 2 சதவீதம் அளவுக்குக் காற்றில் போய்விடும். அதைத் தேவதைகளின் பங்கு என்று சொல்லித் தேற்றிக்கொள்கிறார்கள்.

தொட்டியில் மலைத் தண்ணீர் அடியில் நுழைந்து, சூடேறி மேலே வழியும். மேலே எழும் ஆவி அதனால்தான். கோடையில் உள்ளே வரும் தண்ணீர் சற்றே வெதுவெதுப்பானாலும் புழுவுக்குள் ஆவி கூடுதல் நேரம் செம்பைத் தொட்டுவிடும், சரக்கு இலேசாகிவிடும். அதனால் இங்கே வேலை செய்பவர்களுக்குப் பிடித்த பருவம் சுற்றுலாப் பயணிகள் நடுங்கும் ஜனவரிதான்.